படிக்கட்டில் ஐந்து பேர்

நிலவறை ஈரமும், எவரோ பல வருடங்கள் அருகிலிருந்து புகைத்த சிகரெட்டும், மஞ்சளாகத் தொடங்கிய மலிவான தாளின் மெல்லிய இனிப்பும் கலந்த ஒரு மணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. 'ஃப்ளோமார்க்ட்' என்று எல்லோரும் சொல்லும் பழஞ்சாமான் சந்தைக்குப் போன அப்பா, வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்று நிறையச் சித்திரக்கதைப் புத்தகங்களை அடைத்து, லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். ஹம்பேர்க்கில் மழை இல்லாத ஞாயிறுகள் குறைவு. பெட்டியின் ஒரு பக்கம் நனைந்து பிய்ந்து, புத்தகங்கள் வாசலிலேயே சரிந்து விழுந்தன. "உவனுக்குத்தான்," என்று அப்பா தம்பியைக் காட்டினார். "விழாமல் ஒரு இடத்தில இருக்கட்டும்."

தம்பியின் பெயர் நிரூபன், வீட்டில் நிரு. புது நூற்றாண்டு தொடங்கிய அந்த வருடம் அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. அவன் விழுந்துகொண்டே இருந்த பிள்ளை. கல் தடக்கி அல்ல, யாரும் தள்ளியும் அல்ல. நேரான தரையில், கதைத்துக்கொண்டு நடக்கையில், கால் வைத்த இடத்தில் கால் இல்லாமற்போனதுபோல விழுவான். எழும்பும்போது முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின்மேல் தானே ஏறி நிமிர்வான். அதை அவனுடைய குறும்பு என்று நினைத்து நாங்கள் சிரித்த காலமும் இருந்தது. அம்மா "சத்துப் பத்தேல்லை" என்று நல்லெண்ணெயில் முட்டை பொரித்துக் கொடுத்தார். அப்பா "வளர வளரச் சரிவரும்" என்றார். 'சரிவரும்' என்பது அப்பாவின் சொல். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த வருடங்களையெல்லாம் அவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் கடந்திருந்தார்.

சரிவரவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். அப்பாவின் ஜெர்மன் அவர் வேலை செய்த உணவகத்துக் குசினிக்கு மட்டும் போதுமானது. அம்மாவினது கடைக்கு மட்டும். மற்ற எல்லா இடங்களிலும் வீட்டின் ஜெர்மன் நான்தான். வரவேண்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை என்றும், இன்னொரு நாளுக்கு 'டெர்மின்' தருகிறேன் என்றும் வைத்தியர் சொன்னபோது, முதலாளியிடம் மன்றாடி அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்த அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை சொல்லுவாள். நல்லாச் சொல்லுவாள்." வைத்தியர் நரைத்த முடியுள்ள, மெதுவாகக் கதைக்கும் பெண். என்னைப் பார்த்து, தயங்கி, பிறகு மிகக் குறைவாகச் சொன்னார். தசைகள் பலமிழக்கும் நோய் என்றார். அதை நான் சொன்னேன். காலப்போக்கில் நடக்கக் கடினமாகும் என்றார். அதையும் சொன்னேன். பிறகு ஒரு நீளமான சொல்லைச் சொன்னார்: 'லேபென்ஸ்எர்வார்டுங்'. அதை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஆனால் அதன் இரண்டு பாதிகளும் எனக்குத் தெரியும். ஒரு பாதி வாழ்க்கை, மற்றப் பாதி எதிர்பார்ப்பு. அது குறைவாக இருக்கும் என்றார். "வாழ்க்கையில பெரிய எதிர்பார்ப்பு வைக்கக்கூடாதாம் அம்மா," என்று நான் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெப்பிடி? எங்களுக்கு அவனில நிறைய எதிர்பார்ப்பு இருக்கு எண்டு சொல்லு."

நான் அதை நல்ல ஜெர்மனில் சொன்னேன். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளரோடு வரச்சொல்லி இன்னொரு நாளை எழுதித் தந்தார்.

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். என்னையும் நிருவையும் வெளியே இருத்தினார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. வெளியே வந்த அம்மா நிருவின் ஜாக்கெட் 'சிப்'பை நாடிவரை இழுத்துவிட்டு, "கெதியா வாங்கோ, பஸ் போயிடும்" என்றார். வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த நீளமான சொல்லின் பொருள் ஆயுள்; அவன் வளர்ந்த மனிதனாகும்வரை உயிரோடு இருக்கமாட்டான் என்பதுதான் அதன் சாரம். "உனக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது. டெர்மின் எல்லாத்துக்கும் நீதானே வரப்போறாய். ஆனால் தம்பிக்கு ஒண்டும் தெரியக்கூடாது. ஒருநாளும் தெரியக்கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம்.

இந்தக் காலத்தில்தான் அப்பா கொண்டுவந்த 'கொமிக்' பெட்டி எங்கள் இருவருக்கும் உலகமானது. ஜெர்மன் பிள்ளைகள் படித்து எறிந்த புத்தகங்கள் அவை. கப்பல் மாலுமிகள், துப்பறிகிறவர்கள், பாலைவனத்தில் தொலைந்த விமானிகள். பல புத்தகங்களுக்கு முதற்பக்கமோ கடைசிப் பக்கமோ இருக்காது. நான் பேச்சுக் குமிழிகளை வாசித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளை. படம் அடைத்த ஒவ்வொரு கட்டத்தையும் நாங்கள் பெட்டி என்றோம்; சொல் முடிந்தால் பெட்டி முடிந்தது எனக்கு. நிரு வாசிக்கப் பழகுமுன்பே பார்க்கப் பழகியவன். ஒருவன் கையை ஓங்குகிறான், அடுத்த பெட்டியில் மற்றவன் தரையில் கிடக்கிறான் என்றால், நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அவனோ இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலுள்ள வெள்ளைக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு இருப்பான். "அடிச்சது எங்க அக்கா? அடிச்சது இதுக்குள்ளதானே இருக்கு." விரல் அகலம்கூட இல்லாத அந்த வெள்ளைக்குள் அடி இருந்தது, இரவு இருந்தது, கடற்பயணம் இருந்தது. பெட்டி ஒல்லியாக இருந்தால் நேரம் ஓடுகிறது என்பதையும், பக்கம் முழுவதும் ஒரே பெட்டியாகச் சொல் எதுவும் இல்லாமல் விரிந்தால் நேரம் நின்றுபோய்விட்டது என்பதையும் அவன் யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தான். பெட்டியின் மேல் மூலையில் மஞ்சள் பட்டியில் 'பல வருடங்களுக்குப் பிறகு' என்று எழுதியிருந்தால் அவனுக்குக் கோபம் வரும். "அது கள்ளம். பல வருஷமும் எங்க போனது? ஒண்டையும் காட்டேல்லை."

அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. புத்தகத்தை விரித்ததும் பக்கத்தின் கீழ்ப்பாதியை மறைக்கச் சொல்வான். மேலே ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே அவன் விழுந்து கிடப்பது கண்ணில் பட்டுவிடும். நாளைக்கு நடக்கப்போவது இன்றைக்குப் பக்கத்திலேயே அச்சாகிக் கிடப்பது அவனுக்குப் பிடிக்காது. நான் ஒரு பழைய கலண்டர் மட்டையால் மறைத்துப் பிடித்து, அவன் சொல்லச்சொல்ல மெல்லக் கீழே இறக்குவேன்.

அம்மாவுக்கு இந்தப் புத்தகங்கள் பிடிபடவில்லை. ஒருநாள் நிருவின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், அவன் மடியில் விரிந்திருந்த படத்தை எட்டிப் பார்த்தார். ஒரே பெரிய பெட்டிக்குள் ஒரு கோபுரத்தின் படிக்கட்டு. கீழ்ப்படியில் ஒரு பையன், நடுவில் ஒரு பையன், வளைவில் ஒருவன், மேலே ஒருவன், உச்சிக் கதவைத் திறந்தபடி ஒருவன். எல்லோருக்கும் ஒரே சிவப்புத் தொப்பி. "இதென்ன, அஞ்சு பேருக்கும் ஒரே உடுப்பு? சகோதரங்களோ?" என்று அம்மா கேட்டார். நிரு சிரித்ததில் புத்தகம் மடியிலிருந்து வழுக்கி விழுந்தது. "அம்மா, அஞ்சு பேர் இல்லை. ஒரே ஆள்தான். நேரம்தான் வேற." அம்மா திரும்பவும் பார்த்தார். "அப்பிடியோ... ஏறுறானோ..." என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்தது அடிக்கடி நடந்ததல்ல. அதனால் அந்த நாள் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு வருடங்கள் நிரு குறை சொன்ன மஞ்சள் பட்டிபோல வேகமாகத்தான் போயின, ஆனால் எங்கள் கண்ணுக்கு எந்த வருடமும் மறைந்திருக்கவில்லை. நிரு முதலில் சுவரைப் பிடித்து நடந்தான். பிறகு அப்பாவின் முதுகில் மாடி ஏறினான். ஒன்பது வயதில் 'ரோல்ஸ்டூல்' வந்தது. சக்கர நாற்காலி என்ற சொல்லை அம்மா கடைசிவரை சொல்லவில்லை, ஜெர்மன் சொல்லிலேயே அதைத் தூர வைத்திருந்தார். நகரசபை எங்களுக்குத் தரைமாடியில் ஒரு வீடு தந்தது. சனிக்கிழமைகளில் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தமிழ்க்கடைக்குப் போவோம். மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி நுழையாது. வாசலில் அவனும் நானும் நிற்க, கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன பிள்ளைக்கு?" என்பார்கள், அவனிடம் அல்ல, என்னிடம். "நேத்தி வையுங்கோ, எழும்பி நடப்பார்." அவன் முகத்தை நிமிர்த்தாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா நேர்த்தி வைக்காத கோயில் ஜெர்மனியில் இல்லை. எந்தச் சாமியும் அசையவில்லை.

அவன் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கேதான் படம் கீறத் தொடங்கினான். கூரைக்குக் கூரை ஓடும் ஒரு மனிதன் அவனுடைய கதைநாயகன். பெயர் வைக்கவில்லை, 'ஓடுறவன்' என்றுதான் சொல்வான். ஒரு பக்கத்தில் இருபது முப்பது குட்டிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவன் ஓடினான், பாய்ந்தான், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் தாவி ஏறினான். தாள்கள் மேசையில் குவிந்தன. நான் பள்ளியால் வந்ததும் அன்றைய பக்கத்தை எனக்குக் காட்டுவான். நான் வேகமாகப் பார்த்து முடித்தால், திரும்ப முதலிலிருந்து பார்க்கச் சொல்வான்.

உலகக்கிண்ணப் பந்தாட்டம் ஜெர்மனியிலேயே நடந்த கோடை அது. பல்கனிகளெல்லாம் கொடிகள், கார்களின் கண்ணாடிகளிலும் கொடிகள். நிருவுக்குப் பன்னிரண்டு வயது. அந்த மாதம் அவன் பள்ளியில் லூக்காஸ் என்ற பெரிய பையன் வருவது நின்றிருந்தது. அவன் இருந்த இடத்தில், மேசையில் ஒரு படமும் மெழுகுதிரியும் வைத்திருந்தார்கள் என்று நிரு ஒருமுறை சொன்னான். அம்மா உடனே பேச்சை மாற்றிவிட்டார். ஒரு மாலை, ஜெர்மனி விளையாடிக்கொண்டிருந்தது. தெருவே திரண்டு ஏதோ திரையின் முன் நிற்க, எங்கள் அறையின் யன்னல் திறந்திருந்தது. நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலண்டர் மட்டையை எடுத்தேன். "அது வேண்டாம்," என்றான். "மறைக்கத் தேவையில்லை."

"ஏன்?"

"அக்கா, உனக்கு அந்தப் படிக்கட்டுப் படம் ஞாபகம் இருக்கோ? அம்மா அஞ்சு பேர் எண்டு சொன்னது?"

"ஓம்."

"எங்கட பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். முதலாம் வகுப்பில ஒரு சின்னவன் இருக்கிறான், நடக்கிறான், ஆனால் விழுந்து விழுந்து. மூண்டாம் வகுப்புக்காரன் சுவரைப் பிடிச்சுக்கொண்டு போறான். நான் கையால உருட்டிற கதிரையில. என்னைவிடப் பெரியவன் மோட்டர் கதிரையில. லூக்காஸ் முகத்தில மாஸ்க்கோட இருந்தவன். எல்லாரும் வேற வேற ஆக்கள் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன்." அவன் என் பக்கம் திரும்பினான். "இல்லை அக்கா. ஒரே ஆள்தான். நேரம்தான் வேற."

வெளியே ஆயிரம் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். யாரோ கோல் அடித்திருந்தார்கள். கார் ஹோர்ன்கள் அடங்கும்வரை அவன் பொறுத்திருந்தான்.

"பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரிலயும் பாத்தன். அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

"உனக்கு?"

தலையை ஆட்டினேன். எத்தனை வருடமாக என்று அவன் கேட்பான் என்று பயந்தேன். கேட்கவில்லை. அவன் அழவும் இல்லை. ஒரு பக்கத்தில் எத்தனை பெட்டி போடலாம் என்று யோசிக்கும்போது வருகிற அதே முகம்தான் இருந்தது.

"அப்ப நான் தெரியாத மாதிரியே இருக்கிறன். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் அம்மா உடைஞ்சுபோவா. நீயும் சொல்லாதை."

அப்போது அம்மா மாம்பழம் வெட்டிக்கொண்டு அறைக்குள் வந்தார். "என்ன ரெண்டுபேரும் குசுகுசுக்கிறியள்?"

"கொமிக் கதை அம்மா," என்றான் நிரு.

"கீறு ராசா, கீறு. பெரியவனாகி நீ புத்தகம் போடு. நான் ஒழுங்கா ஜெர்மன் படிச்சு முதல் ஆளா வாசிப்பன்."

"ஓம் அம்மா," என்றான், முகத்தில் ஒன்றும் அசையாமல். அம்மா ஒரு துண்டு மாம்பழத்தை அவன் வாயில் வைத்தார்.

அந்த மாலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு நாடகங்கள் நடந்தன. அவனுக்குத் தெரியாது என்று அம்மா நடித்தார். தனக்குத் தெரியாது என்று அவன் நடித்தான். இரண்டுக்கும் ஒரே பார்வையாளர் நான். சாப்பாட்டு மேசையில் அம்மா அவனுடைய எதிர்காலத்தை இடைவிடாமல் கட்டினார். பள்ளி முடிந்ததும் கொம்பியூட்டரில் 'அவுஸ்பில்டுங்' என்கிற தொழிற்பயிற்சி செய்யலாம், இருந்த இடத்திலிருந்தே தொழில் பழகலாம், கையால் மட்டும் ஓட்டுகிற கார் இருக்கிறதாம். "செய்யலாம் அம்மா," என்பான் அவன். சில நாட்களில் தானே ஆரம்பிப்பான்: "நான் வேலைக்குப் போனால் அம்மாவுக்குப் பெரிய குசினி உள்ள வீடு எடுப்பன்." அம்மா கண்ணைத் துடைக்கக் குசினிக்குப் போவார். அவன் என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா தண்ணீர்க் கிளாஸை ஒருதரம் தூக்கி, குடிக்காமல் வைப்பார். எனக்கு அந்த மேசையிலிருந்து எழும்பி ஓடவேண்டும்போல இருக்கும். ஓடி எங்கே போவது? நான் படிப்புக்காக வேறு ஊருக்குப் போவதை இரண்டுமுறை தள்ளிப்போட்டேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

பிறகு அவன் கைகளும் போயின. முதலில் தோளுக்குமேல் கை உயரவில்லை. பிறகு முழங்கை மேசையில் இருந்தால்தான் விரல் அசையும். பிறகு பக்கம் புரட்ட முடியவில்லை. நான் புரட்டினேன். சித்திரக்கதையில் நேரத்தை ஓட்டுகிறவன் வாசிக்கிறவன்தான் என்பதை நான் அப்போதுதான் சரியாக அறிந்தேன்: பக்கத்தைப் புரட்டாவிட்டால் எரிகிற திரி எரிந்துகொண்டே இருக்கும், குண்டு வெடிக்காது, தவறி விழுகிறவன் நடுவானத்தில் தங்கியிருப்பான். அந்த அதிகாரம் அவனிடமிருந்து என் கைக்கு வந்திருந்தது. நான் கையை எடுத்தால், "பொறு அக்கா, அவன் இன்னும் கீழ போகேல்லை," என்பான். நான் பொறுத்திருப்பேன். அவன் "ம்" என்றபின்புதான் புரட்டுவேன்.

கீறுவதும் என் கைக்கு வந்தது. அவன் சொல்ல நான் கீறினேன். எனக்கு நேர்கோடுகூட ஒழுங்காக வராது. 'ஓடுறவன்' இப்போது ஓடவில்லை. துறைமுகத்தில், படகுத்துறையில், படகுக்காக நின்றுகொண்டிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் நின்றான்.

"ஒரே படத்தை மூண்டுதரம் கீறு. ஒண்டையும் மாத்தாதை," என்பான்.

"ஒண்டையும் மாத்தாட்டி ஏன் மூண்டுதரம்?"

"அப்பதான் அவன் காத்திருக்கிறது தெரியும்."

நான்காவது படத்தில் ஒரு நீர்க்காகத்தைச் சேர்க்கச் சொல்வான். ஐந்தாவதில் அது இருக்காது. அவ்வளவுதான் நடக்கும். ஏன் இவனை இப்போது ஓடவிடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஓடுறது கீற லேசு," என்றான். "நிண்டுகொண்டிருக்கிறதைக் கீறத்தான் கஷ்டம்." படகு வருமா என்று கேட்டேன். அதைத் தான் இன்னும் யோசிக்கவில்லை என்றான்.

இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் அவனுக்குச் சளி பிடித்தது. வேறு பிள்ளைக்கென்றால் இரண்டு நாள் கஷாயத்தோடு போயிருக்கும் சளி. அவனுக்கு இருமக்கூடப் பலமில்லை. ஆஸ்பத்திரியில் முகத்தை மூடிக் காற்று அழுத்தும் மாஸ்க் போட்டார்கள். அதைப் போட்டிருக்கும்போது கதைக்க முடியாது. நான் நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோன புத்தகத்தை அவன் கண்முன் பிடிப்பேன். "ம்"முக்குப் பதிலாக அவன் கண்ணை இறுக்கி மூடித் திறப்பான், நான் புரட்டுவேன். அம்மா கட்டிலின் மறுபக்கத்தில் இருந்து அவன் பாதத்தைத் தடவிக்கொண்டு, "சம்மர் வர வீட்ட போயிடலாம் ராசா. மாம்பழம் வரத் தொடங்கிடும்," என்றார். அவன் தலையை மெல்ல ஆட்டினான். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் என் பக்கம் ஒருதரம் வந்து போயின.

கடைசிப் பின்னேரம் நாங்கள் பார்த்தது உறைந்த கடலில் அகப்பட்ட ஒரு கப்பலின் கதை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். பனி, கப்பல், வானம். ஒரு சொல் இல்லை. அவன் வெகுநேரம் பார்த்தான். கண்ணை மூடித் திறக்கவில்லை, நான் புரட்டவில்லை. பிறகு மூடிய கண் மூடியபடியே இருந்தது. அதற்கு ஏதோ பொருள் இருந்ததென்று சொல்ல நான் வரவில்லை. அவன் களைத்து நித்திரையாகிவிட்டான், அவ்வளவுதான். அடுத்தநாள் விடியும்போது அவன் இல்லை. பதினைந்து வயது ஆகியிருக்கவில்லை.

அந்த மாதங்களில் வன்னியில் போர் அதன் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஹம்பேர்க்கில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே அழுகை இருந்தது. நிருவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கைத்தொலைபேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். மண்டபத்துக்கு வெளியே நின்று வன்னியிலிருந்த உறவுகளின் இலக்கங்களைத் திரும்பத்திரும்ப அழுத்தினார்கள். ஒரு பிள்ளைக்காக அழ அந்த வருடம் யாருக்கும் இடமிருக்கவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

சவப்பெட்டியை மூடுமுன் அம்மா ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்தார். அவன் கீறியவை எல்லாம் அதற்குள் இருந்தன: சின்ன வயதுக் குட்டிப் பெட்டிகளும், அவன் சொல்ல நான் கீறிய படகுத்துறைப் பக்கங்களும். "அவன்ர சாமான் அவனோட போகட்டும்," என்று அவனுடைய கைகளுக்குக் கீழே வைத்தார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்றையாவது எடுத்துவைக்கலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அப்பா என் தோளில் கை வைத்தார். எல்லாம் எரிந்தது.

இப்போது நான் டார்ம்ஸ்டாட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சக வேலையாட்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர்; எனக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி ஹம்பேர்க்குக்குப் போகிறேன். பழஞ்சாமான் சந்தை போட்ட வெளியில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. நாங்கள் புத்தகம் எடுத்த நூலகக் கிளையை மூடிவிட்டார்கள். ரோல்ஸ்டூலைக் காப்புறுதிக்காரர் வந்து திருப்பி எடுத்துப்போனார்கள். ரயிலில் எதிரே இருக்கும் பிள்ளைகள் சித்திரக்கதையைத் தொலைபேசியில் பார்க்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு பெட்டி, விரலால் தள்ளினால் அடுத்தது. கீழே என்ன இருக்கிறதென்று கண்ணில் படுவதற்குப் பக்கமே இல்லை.

அவனுடைய கதையைத் திரும்பக் கீறிப்பார்க்கலாம் என்று சிலமுறை உட்கார்ந்திருக்கிறேன். படங்கள் ஞாபகம் இருக்கின்றன. படகுத்துறை, நீர்க்காகம், மழையில் நனைந்த தொப்பி, உட்கார ஆளில்லாத ஒரு வாங்கு. ஆனால் எது முதல், எது பிறகு என்று எனக்குத் தெரியவில்லை. நீர்க்காகம் வந்தபின்தான் மழையா, மழை விட்டபின்தான் நீர்க்காகமா? ஒழுங்கு தெரியாவிட்டால் அது கதை அல்ல, வெறும் படங்கள். கேட்பதற்கும் ஆளில்லை. தாளை மடித்து வைத்துவிடுகிறேன்.

போனமுறை நான் வீட்டில் இருந்தபோது, அம்மாவின் பழைய சிநேகிதி ஒருவர் வந்திருந்தார். சுவரில் இருந்த நிருவின் படத்தைப் பார்த்துவிட்டு, பாவம், எவ்வளவு வேதனைப்பட்டிருப்பான் என்றார். அம்மா எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"வேதனை இல்லையெண்டு சொல்லேலாது. ஆனால் அவனுக்கு ஒண்டும் தெரியாது. கடைசிவரைக்கும் அவுஸ்பில்டுங் செய்வன், வீடு எடுப்பன் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவன். நாங்கள் தெரியவிடேல்லை. அதொண்டுதான் எனக்கு ஆறுதல். இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பன்." பிறகு, வழக்கம்போல, என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை?"

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழும்ப நேரமெடுக்கிறது. அவருடைய கண்கள் என் முகத்தில் நின்றன.

"ஓம் அம்மா," என்றேன்.

அம்மா சிநேகிதியின் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை எடுத்து வைத்தார்.